தீர்வை நாளில் காண்பம்

அத்தியாயம் 4

ஒன்பது நாளாக அமலினி சொல்லி வந்த பொய்யைச் சுஜானி பிடித்தது ஒரு கறுப்புச் சட்டையை வைத்துத்தான்.

"றொஜர் மிலானோவுக்கு வேலைக்குப் போயிட்டார்" என்று அமலினி கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். பலெர்மோவின் பொலிதேயாமாப் பகுதியில் ஓர் இத்தாலியச் சிஞ்ஞோராவின் வீட்டில் அவளும் சுஜானியும் சேர்ந்துதான் துப்புரவு வேலை பார்க்கிறார்கள். புருசன் மிலானோவுக்குப் போனால் ஒருத்தி கண் கலங்கலாம், கோபிக்கலாம், ஏன், உள்ளூர நிம்மதிகூட அடையலாம். ஒன்பது நாளும் கறுப்பு உடுக்க மாட்டாள். பத்தாம் நாள் காலையில் சுஜானி வேலைக்குப் போகவில்லை. கால்சாவுக்குப் போய்ப் பத்மநாதனைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு, கபோ சந்தைக்குள் புகுந்து, கணவாய்ப் பெட்டிகளுக்கும் தக்காளிக் கூடைகளுக்கும் நடுவால் வளைத்தோட்டி, அமலினியின் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

பத்மநாதனுக்கு ஐம்பத்தெட்டு வயது. கால்சாவில் ஒரு கிழட்டு வக்கீலைக் குளிப்பாட்டி, சாப்பாடு தீத்தி, பத்திரிகை வாசித்துக் காட்டுவது அவர் சம்பளத்துக்குச் செய்யும் வேலை. காணாமல் போன கடவுச்சீட்டையும் காணாமல் போன மருமகனையும் கண்டுபிடித்துக் கொடுப்பது சம்பளமில்லாமல் செய்யும் வேலை. இதற்கெல்லாம் முன்னர் பதினொரு வருடம் கொழும்புத் துறைமுகத்தில் சுங்க லிகிதராக இருந்தவர். பெட்டியைத் திறக்க முதல் பூட்டைப் பார்க்க வேண்டும் என்பது அங்கே பழகிய பழக்கம். கடைசியாகக் கை வைத்தவன் யாரென்று பூட்டிலே தெரியும் என்பார். சுஜானிக்கு அவருடைய உதவியாள் என்ற பட்டத்தை ஒருவரும் கொடுக்கவில்லை. ஸ்கூட்டர் தன்னுடையது என்பதால் அவளாகவே எடுத்துக்கொண்டாள்.

கதவைத் திறந்த அமலினி இருவரையும் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய், செபப் புத்தகத்துக்குள்ளிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து வந்து குசினி மேசையில் வைத்தாள்.

"பன்ரெண்டாம் திகதி விடிய எழும்பிப் பாக்கிறன், ஆளைக் காணேல்லை. இது கிடந்தது."

நான்கே வரி. றொஜரின் கையெழுத்து.

'அமலினி, தீர்வை நாளில் காண்பம். அண்டைக்கு எல்லாம் வெளிக்கும். அண்ணையிட்டைச் சொல்லும். என்னை மன்னிச்சுக்கொள்ளும்.'

சுஜானி முதல் வரியோடு நின்றுவிட்டாள். மன்னாரில் மறைக்கல்வி வகுப்பில் அவளுக்கும் இதைத்தான் படிப்பித்தார்கள். உலக முடிவில் செத்தவர்கள் எல்லோரும் எழும்பிக் கடவுளுக்கு முன்னால் நிற்கும் நாள்தான் தீர்வை நாள். அந்த நாளில் காண்போம் என்று ஒரு மனிதன் பெண்சாதிக்கு எழுதி வைத்துவிட்டுக் காணாமல் போனால் அதற்கு இரண்டு அர்த்தம் இல்லை.

"கடலிலை குதிச்சிருப்பார்" என்றாள் அமலினி. அழுது முடித்த குரல். "நான் குவெஸ்தூராப் பொலிசுக்கும் போகேல்லை, கோயிலிலையும் சொல்லேல்லை. தற்கொலை எண்டு தெரிஞ்சால் சனம் என்ன சொல்லும்? பூசை வைப்பினமோ எண்டும் தெரியேல்லை."

"அண்ணையிட்டைச் சொன்னனீரோ பிள்ளை?" என்று கேட்டார் பத்மநாதன்.

"ஓம். அண்டைக்கே மன்னாருக்குப் போன் எடுத்தனான். அவரின்ரை தமையன் சுவாம்பிள்ளைக்கு. அவர் அழுதிட்டு, செபமாலை சொல்லுங்கோ, வெளியிலை ஒருத்தருக்கும் மூச்சு விடாதேங்கோ எண்டார்."

பத்மநாதன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் ஏதோ தெரிந்துவிட்டது என்று அர்த்தம். உலகத்தில் மற்றவர்கள் பார்ப்பதற்காகக் கண்ணாடியைப் போடுவார்கள்.

"சுஜானி, தீர்வை எண்டால் என்ன?"

"கடவுளுக்கு முன்னாலை போய் நிக்கிறது அண்ணை. உங்கடை ஆக்களுக்கு அடுத்த பிறவி இருக்கு, தப்பிச்சுக்கொண்டியள். எங்களுக்கு ஒரே சோதனை, ஒரே மறுமொழி."

"வேதக்காரருக்கு அது சரி. நான் பதினொரு வருசம் தீர்வை எழுதின ஆள். வெளிநாட்டிலை இருந்து ஒரு பெட்டி வந்தால் அரசாங்கத்துக்குக் கட்டுறமே, அதுக்கும் தீர்வை எண்டுதான் பேர்."

அமலினி நிமிர்ந்து பார்த்தாள்.

"போன மாசம் றொஜர் என்னட்டை ஒரு கடதாசி கொண்டு வந்தவர்" என்று பத்மநாதன் தொடர்ந்தார். "அவர் துடைக்கிற களஞ்சியத்திலை கிடந்தது."

துறைமுகத்தில் வந்திறங்கும் பெட்டிகளை டொகானாவில், அதாவது சுங்கத்தில், விடுவித்துக் கொடுக்கும் தனியார் முகவர் ஒருவருடைய களஞ்சியம் அது. றொஜர் அங்கே மூன்று வருடமாகத் துப்புரவு வேலை.

"பெட்டி எடுப்பிச்ச ஆக்களின்ரை பேர்ப்பட்டியல். எல்லாம் எங்கடை ஆக்கள். விமலராணி அக்காவின்ரை பேரிலை இருவது பெட்டி."

"விமலராணி அக்காவோ? அவ ஊரிலை இருந்து ஒரு போத்தல் ஊறுகாய் எடுப்பிக்கவே ஆறு மாசம் யோசிக்கிற மனிசி."

"அதுதான். பெட்டிக்குள்ளை என்ன இருந்ததோ தெரியாது. பிடிபட்டால் மறியலுக்குப் போற பேர் மட்டும் எங்கடை. கடதாசியிலை 'டாட்சியோ' எண்டு ஒரு சொல் கிடந்தது, என்னண்டு கேட்டார். தீர்வை எண்டு சொன்னன். சிரிச்சார். எங்களுக்குத் தீர்வை செத்தாப்பிறகு, உங்களுக்குப் பெட்டி வந்தாப்பிறகு எண்டார். அதிலையிருந்து டொகானாவை அவர் தீர்வைக் கந்தோர் எண்டுதான் சொல்லுறவர்."

"கடதாசிக்கு நீங்கள் என்ன சொன்னனீங்கள் அண்ணை?"

பத்மநாதன் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"பேசாமல் இரும் எண்டு சொன்னன்."

பிறகு அவர் எழுந்து, அடுப்புக்குப் பக்கத்தில் தொங்கிய பங்குக் கலண்டரின் முன் போய் நின்றார். செப்ரெம்பர் மாதத்தில் ஒரு திகதியைச் சுற்றி நீலப் பேனையால் வட்டம்.

"இது ஆர் போட்டது?"

"நான் போடேல்லை" என்றாள் அமலினி. "மத்தேயுவின்ரை திருநாள். எங்கடை குடும்பத்திலை மத்தேயு எண்டு ஒருத்தரும் இல்லையே."

இப்போது சுஜானிக்குப் பொறி தட்டியது. மத்தேயு ஆர்? சுங்கச்சாவடியில் வரி வாங்கிக்கொண்டு இருந்தவர். யேசு வா என்றதும் மேசையை அப்படியே விட்டுவிட்டு எழும்பிப் போனவர்.

"அண்ணை, இஞ்சை சுங்கத்தாருக்கு அவர்தான் பாதுகாவலர். துறைமுகக் கோயிலிலை பூசை, பான்ட் வாத்தியம், பதக்கம் குடுக்கிறது எல்லாம் நடக்கும். நாடு முழுக்கத் தீர்வைக்காரரின்ரை நாள். போன வருசம் அந்தக் கோயில் படியை நான்தானே கழுவினனான். அவ்வளவு பெரிய ஆக்கள், பிஸ்தாச்சியோக் கோதை எல்லாம் படியிலைதான் துப்பினவை."

"திகதி?"

"இருவத்தொண்டு." சுஜானி கைத்தொலைபேசியைப் பார்த்தாள். "இண்டைக்கு."

அமலினி மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஒன்பது நாளாகச் செத்துப் போயிருந்த மனிதன் அவள் முகத்தில் மெல்ல உயிர் பெற்று வருவதைச் சுஜானி பார்த்தாள். அது பார்க்கப் பயமாக இருந்தது.

"அப்ப இண்டைக்கு வருவாரோ?"

கேள்வி பத்மநாதனுக்குத்தான். அவர் வாய் திறக்க முதல் சுஜானி முந்திக்கொண்டாள்.

"வருவார். வீட்டிலை நிண்டால் உனக்குக் கரைச்சல் எண்டு எங்கையோ விலகி நிக்கிறார். கடதாசியைக் குடுக்கத்தான் இண்டைக்கு வாறார்."

அந்தச் சொல்லைத் திரும்ப விழுங்க முடிந்திருந்தால் என்று பிற்பாடு எத்தனையோ தரம் நினைத்தாள்.

"நீங்கள் போங்கோ" என்றாள் அமலினி. "நான் முகத்தைக் கழுவிக்கொண்டு பின்னாலை வாறன்."

*

"வருவார் எண்டு ஏன் சொன்னனீ?" பின்னால் இருந்த பத்மநாதன் கேட்டார். ஸ்கூட்டர் துறைமுகத்துக்கு இறங்கும் தெருவில் போய்க்கொண்டிருந்தது.

"வர மாட்டார் எண்டு சொல்லவோ?"

"தெரியாது எண்டு சொல்லியிருக்கலாம்."

"அந்தச் சொல்லை நீங்கள் சொல்லுறதுக்கு எண்டு விட்டு வைச்சிருக்கிறன் அண்ணை. தலைக்கவசத்தை இறுக்கிப் போடுங்கோ."

கோயிலுக்குப் போகும் வழியில் களஞ்சியத்தைப் பார்க்க வேண்டும் என்றார். பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. இரும்புக் கதவு இழுத்து மூடியிருந்தது. மேலே பெயர்ப்பலகை இருந்த இடத்தில் நான்கு ஆணித் துளைகளும், வெயில் படாத சுவர்த் துண்டும் மிச்சம். எதிர்க் கோப்பிக் கடைக்காரன் குவளை துடைத்தபடி சொன்னான். பன்னிரண்டாம் திகதி பட்டப்பகலில் இரண்டு லொறி வந்ததாம், எல்லாவற்றையும் ஏற்றினார்களாம், போனார்களாம். கோப்பிக் கடன்கூடத் தீர்க்கவில்லை என்பதுதான் அவனுடைய கவலை.

பத்மநாதன் குனிந்து கதவின் பூட்டைப் பார்த்தார்.

"புதுப் பூட்டு. விட்டிட்டு ஓடுறவன் புதுசு வாங்கிப் பூட்டான். இது கட்டடச் சொந்தக்காரன் பிறகு போட்டது. போனவை திரும்பி வரமாட்டினம்."

"நல்லதுதானே அண்ணை. கள்ளர் ஓடிட்டாங்கள்."

"ஓம். அவை ஒன்பது நாளுக்கு முதலே போயிட்டினம்." அவர் நிமிர்ந்தார். "அப்ப றொஜர் ஆருக்கு ஒளிக்கிறார்?"

எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவள் சுஜானி. சிஞ்ஞோராவுக்கு, பஸ் சாரதிக்கு, பங்குச் சுவாமிக்குக்கூட. இப்போது அவள் ஸ்கூட்டரில் ஏறினாள். ஸ்கூட்டரை இரண்டு தரம் உதைத்த பிறகுதான் திறப்புப் போட மறந்தது தெரிந்தது.

*

கோயில் வாசலில் கொடி, நாற்காலி வரிசை, வெள்ளைக் கையுறை போட்ட உத்தியோகத்தர்கள், சப்பாத்து மினுங்க நின்ற ஓய்வுபெற்ற கிழவர்கள். பூசை முடிந்து எல்லோரும் முற்றத்துக்கு வந்திருந்தார்கள். பான்ட் வாத்தியக்காரர் ஒருவர் தன் எக்காளத்தைக் கவிழ்த்து எச்சிலை உதறினார். பத்மநாதனும் சுஜானியும் படிக்கட்டின் ஓரமாக, வருகிறவர்களையெல்லாம் பார்க்கக்கூடிய இடத்தில் நின்றுகொண்டார்கள்.

"கொழும்பிலை உங்களுக்கும் இப்பிடி நாள் இருந்ததோ?"

"இருந்தது. தேத்தண்ணியும் கேக்கும் தந்தவை. பிறகு பெட்டி திறக்கச் சொன்னவை."

ஒரு தலைமை உத்தியோகத்தர் பதக்கம் கொடுத்தார். பிறகு கடமையில் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் முழுவதும் 'பிரெசென்தே' என்று ஒரே குரலில் சொன்னது. இருக்கிறார் என்று அர்த்தம். செத்தவனுக்காக உயிரோடிருப்பவன் வரவு சொல்லும் அந்த வழக்கம் போன வருடம் சுஜானிக்குச் சிரிப்பாக இருந்தது. இந்த வருடம் சிரிப்பு வரவில்லை.

றொஜர் வரவில்லை. கறுத்த, மெலிந்த, இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கும் ஒருவனுக்காக அவள் கண் கூட்டத்தை அரித்தது. ஒருவன் அப்படி நடந்து வந்தான். கிட்ட வந்ததும் வங்காளிப் பூக்காரனாகிப் போனான்.

"அண்ணை, அங்கை தூணடியிலை ஒரு சீருடை. தொப்பியைக் கக்கத்திலை வைச்சிருக்கிற மனிசி. அரை மணித்தியாலமாய் உங்களைத்தான் பாக்கிறா."

"என்னையோ?"

"என்னைப் பாக்கேல்லை. இண்டைக்குத்தான் நீங்கள் சேர்ட்டு மினுக்கிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறியள்."

பத்மநாதன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆனால் கண்ணாடியைக் கழற்றினார்.

பன்னிரண்டு மணிக்கு அமலினி வந்தாள். கறுப்பு இல்லை. நீலச் சேலை, முகத்துக்குப் பவுடர், காதில் சின்னத் தோடு. போன நத்தாருக்கு றொஜர் எடுத்துக் கொடுத்த சேலை அது. அதைக் கட்டிக்கொண்டு கபோவிலிருந்து நடந்தே வந்திருந்தாள்.

"வந்திட்டாரோ?"

"இன்னும் இல்லை" என்றாள் சுஜானி. நாற்காலிகளை மடித்து அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். இன்னும் என்ற சொல்லுக்கு அந்த முற்றத்தில் இனி அதிக இடம் இருக்கவில்லை.

அப்போதுதான் தூணடியில் நின்ற உத்தியோகத்தர் நடந்து வந்தாள். நாற்பது வயதிருக்கும். பத்மநாதனுக்கு முன்னால் நின்று, தாழ்ந்த குரலில் இத்தாலியனில் கேட்டாள்.

"நீங்கள்தானே றொஜர்?"

அவர்கள் காலையிலிருந்து எந்த மனிதனுக்காகக் காத்து நின்றார்களோ, அதே மனிதனுக்காகத்தான் அவளும் நின்றிருக்கிறாள். பத்மநாதனையே அவன் என்று நினைத்திருந்தாள். அவனைத் தெரிந்தவர்கள் எல்லோரும் அந்த முற்றத்தில் இருந்தார்கள். அவன்தான் இல்லை.

"இல்லை. இது அவருடைய மனைவி" என்றார் பத்மநாதன்.

அந்தப் பெண் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தாள். பிறகு, ஏதோ பிழை செய்தவள்போலத் திரும்பக் கழற்றினாள். பதினோராம் திகதி றொஜர் தன்னுடன் தொலைபேசியில் பேசியதாகச் சொன்னாள். தன்னைப் பற்றி, றொஜர் என்ற பெயரைத் தவிர, வேறு ஒன்றும் சொல்லவில்லையாம். களஞ்சியத்துக் கடதாசிகளை இன்று, இந்தக் கூட்டத்துக்குள் வைத்துத் தருவதாகச் சொன்னானாம். கந்தோருக்கு வந்தால் முகவரின் ஆட்கள் கண்டுவிடுவார்கள், திருநாளில் யார் யாருடன் கதைத்தாலும் ஒருவரும் பார்க்கமாட்டார்கள் என்றானாம். அடுத்த நாளிலிருந்து அவனுடைய தொலைபேசி வேலை செய்யவில்லை.

"தனக்கு ஏதாவது நடந்தால் வேறொருவர் உடனே என்னிடம் வருவார் என்றார். மனைவிக்கு ஒரு குறிப்பு எழுதி வைப்பதாகவும், வேறு யார் கையில் அகப்பட்டாலும் அதில் உள்ள சொல் அந்த ஒருவருக்குத்தான் விளங்கும் என்றும் சொன்னார். ஒன்பது நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், யாரும் வரவில்லை." அவள் ஒரு சின்னக் கொப்பியைத் திறந்து, எழுத்துக்கூட்டி வாசித்தாள். "அவர் பெயர் அண்ணை. அது நீங்களா?"

பலெர்மோத் தெருவில் நின்று அண்ணை என்று கூப்பிட்டால் நாற்பது தமிழர் திரும்பிப் பார்ப்பார்கள் என்று சுஜானியே எத்தனையோ தரம் பகிடி விட்டிருக்கிறாள். அந்தப் பகிடி இப்போது அவள் நெஞ்சில் வந்து விழுந்தது. அண்ணையிட்டைச் சொல்லும். மன்னார் அண்ணையிடம் இல்லை. ஸ்கூட்டரில் பத்து நிமிசத் தூரத்தில், கால்சாவில் இருந்த அண்ணையிடம்.

"நான் பிழையான ஆளுக்கு எடுத்திட்டன்" என்றாள் அமலினி.

"இல்லைப் பிள்ளை. பிழை என்னிலை. பேசாமல் இரும் எண்டு சொன்ன வாய் இது" என்றார் பத்மநாதன். அவர் பிழையை ஒத்துக்கொள்வதைச் சுஜானி அன்றுதான் முதல்முறை கேட்டாள்.

உத்தியோகத்தர் தயங்கித் தயங்கித் தன் தொலைபேசியை எடுத்தாள். பதின்மூன்றாம் திகதி காவல் படகு ஒன்று அலைதாங்கிச் சுவரடியில் ஒரு பொருளை எடுத்தது, உரிமை கேட்டு யாரும் வரவில்லை, அதில் ஏதோ எழுதியிருக்கிறது, கந்தோரில் ஒருவர் அரபு என்றார், இன்னொருவர் எழுத்தே இல்லை, படம் என்றார் என்று சொல்லிக்கொண்டே படத்தைக் காட்டினாள்.

துறைமுகத் தொழிலாளர் போடும் செம்மஞ்சள் மேலங்கி. கழுத்துப் பட்டியின் உட்பக்கம், அழியாத மையில், பெரிதாக ஓர் எழுத்து.

றொ.

"நான்தான் எழுதினனான்" என்றாள் அமலினி. "உடுப்புத் தோய்க்கிற இடத்திலை மாறிப் போகுது எண்டு."

"மேலங்கி மட்டும்தானே" என்றாள் சுஜானி அவசரமாக. "கழட்டி எறிஞ்சிருக்கலாம். ஆளை அடையாளம் பிடிக்காமல் இருக்க எறிஞ்சிருக்கலாம். என்ன அண்ணை?"

பத்மநாதன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதைப் பார்க்கிறார் என்று சுஜானிக்குத் தெரியும். அவருக்கு ஒரே ஒரு பழக்கம்தானே. முன்பக்கத்துச் சிப் கழுத்துவரை பூட்டியபடி இருந்தது. முதுகுப் பக்கம், பட்டியிலிருந்து இடுப்புவரை கிழிந்திருந்தது.

"கழட்டினவன் சிப்பைத் திறந்திருப்பான்" என்றார்.

அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்திருக்கிறார்கள். மனிதன் திமிறியிருக்கிறான்.

அமலினி படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"அப்ப தானாப் போகேல்லை."

"இல்லைப் பிள்ளை."

"வீட்டை வரத்தான் நினைச்சவர்."

"ஓம். இண்டைக்கு வரத்தான் நினைச்சவர்."

அவள் தலையாட்டினாள். ஒன்பது நாளாக நெஞ்சில் கிடந்த வெட்கம் ஒன்று இறங்கியது. அது இறங்கிய இடத்தில் காலையில் ஏறிய நம்பிக்கையும் சேர்ந்தே இறங்கியது. சேலைத் தலைப்பை இழுத்துப் பவுடரைத் துடைத்தாள். கன்னத்தில் பாதி போயிற்று, பாதி நின்றது. சுஜானி அவளுடைய கையைப் பிடித்தாள். பகிடி விடுகிறவளிடம் பகிடியைத் தவிர வேறொன்றும் கைவசம் இல்லையே என்று தன்னிலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

அமலினி இடுப்பில் செருகியிருந்த கடிதத்தை எடுத்து விரித்து, முதல் வரியை வாய்க்குள் வாசித்தாள்.

"அவர் எனக்குப் பொய் எழுதேல்லை அண்ணை. உங்கடை தீர்வை நாள் முடிஞ்சுது." தாளைப் பழைய மடிப்பிலேயே திரும்ப மடித்தாள். "எங்கடை நாள் கிடக்குத்தானே. அதிலை காண்பம்."

பத்மநாதனின் சமயத்தில் அப்படியொரு நாள் கிடையாது. அது சுஜானிக்குத் தெரியும். காலையில் இதே சொல்லுக்கு அது அர்த்தமில்லை என்று நிறுவிக் காட்டியவரும் அவர்தான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முற்றத்தில் கடைசி நாற்காலி மடிபடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓம் பிள்ளை" என்றார். "அண்டைக்குக் காண்பீர்."